வேண்டாத கருப்பை என்றால் சும்மா கிடைத்துவிடுமா?

போன வாரம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தபோது என் சித்தி மகள் கேட்டாள். "அக்கா, அந்தத் தம்பிக்குக் கர்ப்பப்பை வேண்டாம். எனக்குப் பிறவியிலேயே இல்லை. அவன் எடுத்துக் குப்பையில் போடப் போறத எனக்குக் குடுத்தா என்ன?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 25 வருடம் தாதியாக இருந்தவள் நான், பாதி நாள் ஆப்பரேஷன் தியேட்டரில்தான் கழிந்தது, அப்படியும் வாயடைத்துப் போனேன்.

(இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், யாரும் துப்பறிய வேண்டாம்.)

இவளுக்கு இருப்பது எம்ஆர்கேஎச் என்ற பிறவிக் குறைபாடு. ஏறக்குறைய 5,000 பெண்களில் ஒருவருக்கு வருவது. சினைப்பை நன்றாக இருக்கும், முட்டை உருவாகும், கருப்பை மட்டும் இருக்காது. கல்யாணமாகி எட்டு வருடம், வளைகாப்பு வீடுகளுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடம். அந்தத் தம்பி எங்கள் லயத்து வீடுகளில் வளர்ந்த திருநம்பி, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். மீசை வந்துவிட்டது, ஐசி என்கிற அடையாள அட்டையின் கடைசி எண் மட்டும் இன்னும் இரட்டைப்படை, அதாவது பெண், அதனால் ரோட் பிளாக்கில் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்லியாக வேண்டும். தாய்லாந்து போய்க் கருப்பையை எடுத்துக்கொள்ளக் காசு சேர்க்கிறான்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள், ஒருவருக்கு வேண்டாம், ஒருவருக்கு வேண்டும், கை மாற்றிவிட்டால் முடிந்தது. ஆனால் எடுத்துப் போடுவது வேறு, கொடுப்பதற்காக எடுப்பது வேறு. சாதாரணமாகக் கருப்பையை நீக்கும்போது ரத்தக் குழாய்களைக் கருப்பைக்குப் பக்கத்திலேயே கட்டி அறுத்துவிடுவார்கள், ஓரிரண்டு மணி நேர வேலை. தானமாகக் கொடுப்பதென்றால் அந்தக் குழாய்களை நீளமாக, கிழியாமல் உரித்தெடுக்க வேண்டும், அப்போதுதான் இன்னொரு உடம்பில் தைக்க முடியும். அவை ஓடுவது சிறுநீர்க் குழாயை ஒட்டி. கை கொஞ்சம் தவறினால் அதற்குச் சேதம். சுவீடனில் ஆரம்பத்தில் செய்தபோது கொடுப்பவருக்கு மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரோபோ வந்த பிறகு நேரம் குறைந்திருக்கிறது, ஆனாலும் பெரிய ஆப்பரேஷன்தான். அந்தக் கூடுதல் மணி நேரமும் கூடுதல் ஆபத்தும் தம்பிக்காக இல்லை, இவளுக்காக. குப்பைக்குப் போகிற பொருள் என்று பேசுகிற யாரும் இதை நினைப்பதில்லை, என் தங்கச்சி உட்பட.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆண் ஹார்மோன் ஊசி போட்டவன் கருப்பை எதற்கு உதவும், செத்த கருப்பைதானே என்பார்கள். அப்படி இல்லை. ஊசியால் மாதவிலக்கு நிற்கும், ஆனால் கருப்பை செத்துப்போவதில்லை. அமெரிக்காவில் தாமஸ் பீட்டி என்ற திருநம்பி ஊசியை நிறுத்திவிட்டு 2008 இல் குழந்தை பெற்றார், அவர் மனைவிக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்ததால். 2014 இல் சுவீடனில் மாற்றுக் கருப்பையிலிருந்து உலகத்தில் முதன்முதலாகக் குழந்தை பிறந்ததே, அந்தக் கருப்பையைக் கொடுத்தவர் 61 வயது குடும்ப நண்பர், மாதவிலக்கு எப்போதோ நின்றவர். ஆனால் பல இடங்களில் ஏற்கெனவே பிள்ளை பெற்றவரின் கருப்பையைத்தான் விரும்புவார்கள். தம்பி அங்கே பின்னால்தான் நிற்பான்.

அதே சுவீடனில் இன்னொரு கதையும் உண்டு. 1972 முதல், பாலினத்தைச் சட்டப்படி மாற்றிப் பதிய வேண்டுமானால் இனி பிள்ளை பெற முடியாதபடி ஆப்பரேஷன் செய்துகொண்டாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த நிபந்தனை போனது 2013 இல். மேலே சொன்ன அந்தத் தாய்க்குக் கருப்பை பொருத்தியதும் அதே 2013 இல்தான். அதுவரை எத்தனை பேரிடமிருந்து கேட்காமலே எடுத்திருப்பார்கள்! அதனால்தான் திருநம்பியிடம் போய் "எப்படியும் எடுக்கத்தானே போறே" என்று ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது வேண்டுகோளே இல்லை.

அதற்காக அவர்களிடம் கேட்கவே கூடாது, மனம் தெளியாதவர்கள், பாவம் என்று ஒதுக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. முன்பின் தெரியாதவருக்குக் கருப்பை கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 2017 இல் டல்லஸில், அமெரிக்காவிலேயே முதல் முறையாக, பிறந்த குழந்தை அப்படிக் கிடைத்த கருப்பையில் வளர்ந்ததுதான். அந்தப் பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கி, கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றாலும் சரி என்று சொல்கிற மரியாதை இவனுக்கும் வேண்டும். கொடுக்கச் சம்மதித்தால்தான் ஆப்பரேஷன் சீக்கிரம், செலவு குறைவு என்று யாராவது ஆசை காட்டினால் அது தானம் இல்லை, பேரம்.

தங்கச்சியிடமும் சொன்னேன். கருப்பை வந்தாலும் உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கணும், சோதனைக் குழாய் முறையில் கரு வைக்கணும், வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுப்பார்கள், ஒன்றோ இரண்டோ பிறந்ததும் கருப்பையைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. "நீயே அவன்கிட்ட கேளுக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். குழாய், ரத்தம், பத்து மணி நேரம் எல்லாம் சொல்லித்தான் கேட்டேன். கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன், இல்லை. ரொம்ப நேரம் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். லோரி ஓட்டுகிறவன், ஓட்டாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

"எத்தன நாளைக்கு எம்சி லீவு எடுக்கணும்க்கா?" என்று கேட்டான்.