சோண்ட்ரே குட்டோர்ம்செனைச் சோண்ட்ரேயாகவே பாருங்கள்

கோலூன்றித் தாண்டுதல் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஸ்வீடனின் மோண்டோ டுப்ளான்டிஸிடம் போய் நின்றுவிடுகிறார்கள். அவர் ஈடு இணையற்றவர், மறுக்கவில்லை. ஆனால் அவரை வைத்தே மற்ற அத்தனை பேரையும் அளந்து, "பரவாயில்லை" என்று ஒதுக்கிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இதில் அதிகம் அடிபட்டவர் நார்வேயின் சோண்ட்ரே குட்டோர்ம்சென்.

இருவரும் 1999இல் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள். டுப்ளான்டிஸ் லூசியானாவில், சோண்ட்ரே கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில். 2018 பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்றில் இருவரும் இருந்தார்கள். டுப்ளான்டிஸ் 6.05 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். சோண்ட்ரே 5.75 மீட்டருடன் ஆறாம் இடம். அது நார்வேயின் தேசிய சாதனை. பத்தொன்பது வயதில் ஒருவன் தன் நாட்டில் அதுவரை எவரும் தொடாத உயரத்தைத் தொடுகிறான். நம் கண்ணில் படுவதோ அந்த 30 சென்டிமீட்டர் குறைவுதான்.

அந்த 5.75, ஆறு மீட்டராக வளர நாலரை ஆண்டுகள் பிடித்தன. தேங்கிவிட்டார் என்று பேசியவர்களுக்கு இந்த ஆட்டத்தின் கணக்குத் தெரியவில்லை. உயரம் கூட வேண்டுமானால் இன்னும் விறைப்பான கோலுக்கு மாற வேண்டும், அதை இன்னும் மேலே பிடிக்க வேண்டும். அதற்கு ஓட்டத்தில் வேகம் ஏற வேண்டும். வேகம் போதாமல் விறைப்பான கோலை ஊன்றினால் அது முழுதாக வளையாது. ஆளை மெத்தைப் பக்கம் கொண்டுபோகாமல் ஓடுபாதைக்கே திருப்பி எறிந்துவிடும். அவசரப்பட்டால் எலும்புதான் முறியும்.

இதற்கிடையே அவர் படிப்பையும் விடவில்லை. கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்திலிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. கொரோனா காலத்தில் பிரின்ஸ்டன் சேர்ந்த ஐவி லீக் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் போட்டிகள் 2021 வசந்தம் வரை ரத்தாயின. அதையும் கடந்து 2022இல் உள்ளரங்கு, வெளியரங்கு இரண்டிலும் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனார்.

2023 மார்ச்தான் உச்சம். இஸ்தான்புல்லில் 5.80 மீட்டர் தாண்டி ஐரோப்பிய உள்ளரங்குத் தங்கம். அதே போட்டியில் நார்வே ஓட்டக்காரர்கள் யாகோப் இங்கப்ரிக்ட்சென் இரண்டு தங்கமும் கார்ஸ்டன் வார்ஹோம் ஒரு தங்கமும் வென்றதால் நார்வேயிலேயே இவருக்கு மூன்றாம் வரிசைதான். ஒரு வாரத்துக்குள் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் கல்லூரிப் போட்டி. ஐந்து மீட்டர் நீளக் கோல்களோடு விமானம் ஏறுவதே இந்த வீரர்களுக்குப் பெரும் பாடு, பல நேரம் சரக்குப் பிரிவில் ஏற்றவே மறுப்பார்கள். அல்புகர்க்கியில் ஆறு மீட்டர் தாண்டினார், நார்வேயிலிருந்து முதல் ஆள். கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேலுள்ள ஊர், காற்று அடர்த்தி குறைவு, ஓட்டத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் என்பது உண்மை. கோலை ஊன்றி எழுவது அவர் கைதானே?

அவருடைய தம்பி சிமெனும் இதே களத்தில் இருக்கிறார். 2001இல் பிறந்த இன்னொரு நார்வேக்காரர் பால் ஹௌகென் லில்லெஃபோசே 2022 மியூனிக்கில் ஐரோப்பிய வெண்கலம் வென்றார். பனிச்சறுக்குக்குப் பேர்போன நாட்டில் இப்படி ஒரு தலைமுறை எழுந்து நிற்கிறது. ஒளிபரப்பாளர்களோ மற்றவர்களின் தாண்டல்களை வெட்டிவிட்டு, கடைசியில் டுப்ளான்டிஸின் உலக சாதனை முயற்சியை மட்டும் காட்டுகிறார்கள். 5.80இல் கடைசி வாய்ப்பான மூன்றாவது முயற்சிக்கு நிற்பவனின் முகத்தையும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.