டோக்கன் இருக்கிறது, படம் எங்கே?

"பிளாக்செயினில் ஏறிவிட்டது, இனி அழியவே அழியாது" என்று சொல்லித்தான் 2021இல் என்எஃப்டி விற்றார்கள். பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே சமயம் இருக்கும் பொதுக் கணக்குப் புத்தகம். ஒரு டிஜிட்டல் படைப்பு இன்னாருடையது என்று அதில் பதியும் தனித்த டோக்கன்தான் என்எஃப்டி. இங்கே மொரீஷியஸிலும் வாங்கிய பிள்ளைகள் உண்டு. என் தங்கை மகன் வாங்கிய தளம் மூடிவிட்டது. வாலட்டில் (டோக்கன்களுக்கான டிஜிட்டல் பணப்பையில்) டோக்கன் எண் பத்திரமாக இருக்கிறது, படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். "மாமா, அது இன்னும் என்னுடையதுதானே?" என்கிறான் (கேட்டது கிரியோலில்).

எது உன்னுடையது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான டோக்கன்களுக்குள் படமே கிடையாது. சங்கிலியில், அதாவது பிளாக்செயினில், படத்தை ஏற்றச் செலவு அதிகம். அதனால் படம் எங்கே கிடக்கிறது என்று காட்டும் முகவரியை மட்டும் வைத்தார்கள். அது ஒரு கம்பெனி சர்வரின் முகவரி என்றால், கம்பெனி பணம் கட்டும் வரைதான் படம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானதும் அங்கே உருவான என்எஃப்டிகளின் படங்கள் காணாமல் போயின. கோச்செல்லா இசைவிழாவின் டோக்கன்களும் அதில் மாட்டின. சின்னக் கம்பெனிகளுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். அப்போது நைக்கிக்குச் சொந்தமாக இருந்த ஆர்டிஎஃப்கேடி நிறுவனத்தின் குளோன்எக்ஸ் என்எஃப்டி படங்கள் 2025 ஏப்ரலில் மறைந்து, படங்களை இணையத்தில் காட்டிவந்த கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் எச்சரிக்கை வாசகம் மட்டும் தெரிந்தது. அப்புறம் சரிசெய்தார்கள் என்பது வேறு விஷயம்.

"ஐபிஎஃப்எஸில் இருந்தால் கவலையில்லை" என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஐபிஎஃப்எஸ் என்பது பலருடைய கணினிகள் சேர்ந்து கோப்புகளைப் பகிரும் வலையமைப்பு. அங்கே முகவரி கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கிறது. எந்தக் கணினியில் இருந்தாலும் அதே முகவரி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாராவது ஒருவர் அந்தக் கோப்பைத் தன் கணினியில் "பின்" செய்து, அதாவது நீக்கப்படாமல் நிலையாக, வைத்திருக்க வேண்டும். ஒருவரும் இல்லையென்றால் முகவரி இருக்கும், பொருள் இருக்காது. 2021 நவம்பரில் ஹிக் எட் நுங்க் என்ற என்எஃப்டி தளத்தை அதை உருவாக்கியவரே திடீரென மூடினார். படைப்புகள் ஐபிஎஃப்எஸிலும் டோக்கன்கள் டெசோஸ் என்ற பிளாக்செயினிலும் இருந்ததால், பயனர்கள் உடனே மாற்றுத் தளங்களை எழுப்பிவிட்டார்கள். பிறகு அவர்களில் பலர் சேர்ந்து டெயா என்ற தளத்தை நடத்தினார்கள். தொழில்நுட்பம் காப்பாற்றியது என்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து வேலை பார்த்த ஆட்களை யார் கணக்கில் எடுப்பது?

போர்ட் லூயிஸ் கோடானில் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே இருக்கும், 1847இல் மொரீஷியஸில் அச்சான அரிய தபால்தலைகளை அன்றைய தபால் ஆபீஸா காத்தது? சில பிரதிகள் போர்தோ வியாபாரி ஒருவரின் பழைய கடிதக் கட்டிலிருந்து கிடைத்தவை. 1993இல் இங்குள்ள நிறுவனங்கள் கூடிப் பணம் போட்டு இரண்டைத் தீவுக்குக் கொண்டுவந்தன. மங்கிவிடக்கூடாது என்று அசலுக்குச் சில நிமிடம்தான் விளக்கு, மற்ற நேரம் நகல். காகிதத்துக்கே இத்தனை கவனிப்பு வேண்டியிருக்கிறது.

தளம் மூடுகிறது என்று மின்னஞ்சல் வந்தால் பலரும் டோக்கனை வாலட்டுக்கு மாற்றியதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். படம் இன்னும் திறக்கிறதா? இன்றே அசல் கோப்பை இறக்குங்கள். ஸ்கிரீன்ஷாட் உதவாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்ததும் உதவாது, சுருங்கிவிடும். ஒரு பைட் மாறினாலும் ஐபிஎஃப்எஸ் முகவரியோடு ஒத்துப்போகாது. கூடவே மெட்டாடேட்டா (படத்தின் பெயர், விவரங்கள் உள்ள கோப்பு), ஒப்பந்த முகவரி (டோக்கனை உருவாக்கிய நிரலின் பிளாக்செயின் முகவரி), டோக்கன் எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் இன்னொன்று.

விற்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: படம் எங்கே இருக்கிறது, அதற்கு யார் எதுவரை பணம் கட்டுகிறார்கள் என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். எழுதாத தளத்தில் நான் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன்.