வாளித் தண்ணீர் எதைச் சார்ந்து சுழல்கிறது?

நிலைமமும் நிறையும் எங்கிருந்து வருகின்றன என்ற கட்டுரை ஒன்றைப் படித்தேன். ஒரு பொருளின் நிலைமம், அதாவது தன் இயக்கம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு, அதற்குள் இருப்பதல்ல, தொலைவிலுள்ள விண்மீன்களால் வருவது என்ற இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் மாக்கின் கருத்தைக் கட்டுரையாளர் முடிந்த முடிவாகவே எழுதிவிட்டார். அதுதான் எனக்கு வருத்தம். அது இன்றும் ஊகம்தான். மிக அழகான ஊகம்.

நியூட்டன் 1687இல் விவரித்த வாளிச் சோதனையைக் கிணற்றடியில் நானே செய்து பார்த்திருக்கிறேன். கயிற்றை நன்றாக முறுக்கி விட்டால் முதலில் வாளி மட்டும் சுற்றும். தண்ணீர் மட்டமாகவே நிற்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் கூடவே சுழலத் தொடங்கி, நடுவில் குழிந்து விளிம்பில் ஏறும். அப்போது இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. பிறகு எதைச் சார்ந்து அந்தக் குழிவு? எதையும் சாராமல் அசையாது நிற்கும் வெளியைச் (space) சார்ந்து என்றார் நியூட்டன். விண்மீன்களைச் சார்ந்து என்றார் மாக், 1883இல். வாளியின் சுவர் பல காதம் தடிமனாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும் என்றும் கேட்டார். என்ன ஒரு கேள்வி!

சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியைச் சிறிதளவு இழுத்துச் செல்வதை ஒரு நாசா செயற்கைக்கோளின் சுழலிகள் (கைரோஸ்கோப்புகள்) காட்டின. முடிவு 2011இல் வெளியானது. சுழலும் பெரும்பொருள் தன்னைச் சுற்றியிருப்பதை இழுக்கிறது என்பதால் இது மாக்குக்குச் சாதகம்தான். ஆனால் பொருளே இல்லாத வெற்று வெளியிலும் நிலைமம் இருக்க ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் இடம் கொடுக்கின்றன. கட்டுரை இதை விட்டிருக்கக் கூடாது.

நிலைமத்தின் அளவுதான் நிறை. அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகள் அந்த நிறைப் புதிரை அவிழ்த்துவிட்டது என்ற கட்டுரையின் வரியும் சரியல்ல. புரோட்டானின் நிறையில், அதற்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற அடிப்படைத் துகள்களின் சொந்த நிறை ஏறத்தாழ 1 சதவீதமே. மற்றதெல்லாம் உள்ளே அடைபட்ட ஆற்றல்.