திறமை இருந்தால் வேக வரம்பு வேண்டாமா?
பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவின் கிராமச் சாலைகள் பலவற்றில் வேக வரம்பே இல்லை, ஓட்டுகிறவரின் திறமைதான் காப்பு என்று வேக வரம்பு பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். அதே தீவில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் 'ஆர்' பலகை மாட்டிக்கொண்டு ஓராண்டுக்கு மணிக்கு 50 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது, அதாவது நம் கணக்கில் 80 கி.மீ. அங்கே ஆண்டுதோறும் பொதுச் சாலைகளிலேயே நடக்கும் டி.டி. என்ற பைக் பந்தய சமயத்தில் மலைச் சாலையை ஒருவழியாகவே ஆக்கிவிடுகிறார்கள். எதிரே வருகிறவனின் திறமையை அவர்களே நம்பவில்லை! எனக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர், சென்னை எண்ணூர் ரோட்டில் ஓட்டினவன் உலகத்தில் எங்கேயும் ஓட்டுவான் என்கிறார். நானும் திருவொற்றியூர்க்காரன்தான், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராத்திரியில் துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கிற கன்டெய்னர் டிரெய்லர்கள் சிலவற்றில் பின்விளக்கே எரியாது. 80-இல் வருகிறவன் அதைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரு விநாடியிலேயே வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். அப்புறம் பிரேக் பிடித்தாலும், 40-இல் வந்தால் நிற்கிற தூரத்தைப் போல நான்கு மடங்கு இழுத்துக்கொண்டு போகும். ரோட்டில் மணல் கிடந்தால் இன்னும் மோசம். பழைய டிரைவர், புது டிரைவர் எல்லோருக்கும் இதே கணக்குதான். வேக போர்டு வைக்கிறவர்கள் அப்படியே அந்த டிரெய்லர்களுக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டச் சொன்னால் தேவலை.