சிகிச்சை முடியும்வரை வக்கீலைப் பார்க்காமல் இருக்க வேண்டாம்

ரசாயனம் பட்டு உடல்நலம் கெட்டவர்கள் இழப்பீடு கேட்க, சிகிச்சை எல்லாம் முடிந்தபின் வக்கீலைப் பார்த்தால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரசாயனப் பாதிப்பில் முக்கியச் சாட்சியம் உடம்பில்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்ச நேரம்தான். பென்சீன் (பெட்ரோலில் உள்ள நச்சு ரசாயனம்) உள்ளே போனதற்கான அடையாளம் சிறுநீரில் ஓரிரு நாள்தான் தெரியும். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு இன்னும் மோசம். ஆக்சிஜன் கொடுத்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் குறைந்துவிடும். (அதற்காக ஆக்சிஜனைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை!)

மருத்துவரிடம் "ஏதோ புகை பட்டுவிட்டது" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்த ரசாயனம், எவ்வளவு நேரம், மூடிய அறையா திறந்த வெளியா என்று சொல்லி, குறிப்பில் எழுத வையுங்கள். பெயர் தெரியவில்லையா? அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளை (அதில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று சொல்லும் தாள்) கேளுங்கள். சர்வதேச முறைப்படி 16 பகுதிகள் இருக்கும். 3-வதில் கலவை விவரம், 11-வதில் நச்சுத்தன்மை. விவரம் தெரிந்த வக்கீல் முதலில் கேட்பதும் அதைத்தான்.

முதலாளி தரும் இழப்பீடு வேறு, ரசாயனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மீதான வழக்கு வேறு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் இரண்டாவது வழியும் அடைபடலாம்.

பழைய பாதிப்பு என்றால் வாய்ப்பே இல்லை என்பதும் சரியல்ல. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதனால்தான் பல நாடுகளில் வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவை நோய் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். பழைய சம்பளச் சீட்டு, கூட வேலை பார்த்தவர்களின் பெயர் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.