டிபன் பாக்ஸைப் படம் பிடித்துப் போட்டால் குழந்தை சாப்பிட்டுவிடுமா?

ஒரு டீச்சர் கிளாஸ் குரூப்பில் போட்ட அந்த டிபன் பாக்ஸ் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயிர்சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், பாதிக்கு மேல் மிச்சம். மேலே டீச்சர் எழுதிய வரி: "பேரன்ட்ஸ், இதுதான் பேலன்ஸ்டு டயட்டா?" யுகேஜி குழந்தையின் டப்பா. மூடியில் ஒட்டிய பெயரைக்கூட மறைக்கவில்லை. கிளாஸ் குரூப்பிலிருந்து எங்கெங்கோ போய்விட்டது. அந்த அம்மா குரூப்பிலேயே மன்னிப்பு கேட்டார் என்கிறார்கள். எதற்கு மன்னிப்பு? தயிர்சாதம் கட்டிக் கொடுத்ததற்கா?

இந்தப் பதிவு முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். என்ன உணவு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980-களிலேயே இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டார். குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிப் படித்தவர்கள் இன்றுவரை அதையேதான் சொல்கிறார்கள். நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று குழந்தையிடம் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்து திணிக்கிறோம்.

முதலில் தயிர்சாதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,360 கலோரி, 16 கிராம் புரதம், 550 மில்லிகிராம் கால்சியம், 11 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒரு கப் சாதமும் 100 மில்லி தயிரும் சேர்ந்தால் 6, 7 கிராம் புரதம் வந்துவிடும், நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இது தாராளம். இல்லாதது மூன்று: இரும்பு, நார்ச்சத்து, விட்டமின் சி. அந்த மூன்றையும் அதே டப்பாவில் திணிக்கத் தேவையில்லை. சொல்லப்போனால் திணிக்கவே கூடாது. தயிரில் உள்ள கால்சியம் இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கும். காலை பத்தரை மணி ஸ்நாக்ஸ் டப்பாவில் ஒரு கைப்பிடி கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலும் இரண்டு கொய்யாத் துண்டும் போதும். கொய்யாவின் விட்டமின் சி கடலையின் இரும்பை உடலில் சேர்க்கும். மதியம் தயிர்சாதத்தோடு துருவிய கேரட்டோ, மெல்லிசாக நறுக்கி வதக்கிய பீன்ஸோ இரண்டு டேபிள்ஸ்பூன். அன்றைக்கு ராத்திரி பருப்பு, கீரை, முட்டை. சமச்சீர் என்பதை ஒரு நாள் முழுவதற்கும், ஏன், ஒரு வாரத்துக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு டப்பாவைப் படம் எடுத்து அதை அளக்க முடியாது.

மிச்சம் வைத்ததே என்கிறீர்களா? காலை ஆறரைக்குப் பிசைந்த தயிர்சாதம் பன்னிரண்டரைக்குப் புளித்து இறுகிப்போயிருக்கும். பெரியவர்களே சாப்பிட மாட்டார்கள். சாதத்தைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, முக்கால் பங்கு காய்ச்சிய பால் விட்டு, வெதுவெதுப்பானதும் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து, 'இவ்வளவு தளர்வா' என்று தோன்றும் பதத்தில் கட்ட வேண்டும். மதியத்துக்குள் அது தானாகத் தோயும். முட்டை வைப்பதாக இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் கொதிக்க விடாதீர்கள், எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள், ஆறிய பிறகு மூடுங்கள். அதிகம் வெந்த முட்டையைச் சூட்டோடு மூடினால் திறக்கும்போது கந்தக வாடை வரும், பக்கத்துக் குழந்தை மூக்கைப் பொத்தும், அடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை முட்டையைத் தொடாது. டப்பா மூடியை அந்தப் பிஞ்சு விரல்களால் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள். சில டப்பாக்கள் நிறைந்தபடியே வீடு திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் எதையாவது அந்த டீச்சர் கேட்டாரா?

"டீச்சர் அக்கறையில்தானே போட்டார்" என்பீர்கள். அக்கறை இருந்தால் டைரியில் ஒரு வரி எழுதலாம். அவ்வளவுதான் இதற்குப் பதில்.

"அப்படியே விட்டால் குழந்தை பட்டினி கிடக்காதா?" இந்தக் கேள்விக்குத்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் உண்மையான பயத்தில் கேட்கப்படும் கேள்வி இது. பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்கக் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையும். அந்த வயதில்தான் 'முன்னெல்லாம் நல்லா சாப்பிட்டான், இப்போ வாயே திறக்க மாட்டேங்கிறான்' என்று வீட்டில் பதற்றம் தொடங்குகிறது. செல்போன் வருகிறது, பூச்சாண்டி வருகிறான், தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி வரை போகிறோம். குழந்தை சோற்றை வாயில் அதக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை, மிரட்டி ஊட்டப்படும் குழந்தைக்குத் தட்டைப் பார்த்தாலே பயம். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

'ஒன்றுமே சாப்பிடுவதில்லை' என்று சொல்லப்படும் மூன்று வயதுக் குழந்தையின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். எழுந்ததும் 200 மில்லி பால், பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, சாயந்திரம் ஒன்று, 'ராத்திரி சாப்பிடலையே' என்று படுக்கும்போது ஒன்று. நான்கு டம்ளர், 800 மில்லி. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பாலில் ஏறக்குறைய 480 கலோரி, சர்க்கரையில் 160. ஆக 640. அந்த வயதுக்கு நாள் முழுவதற்கும் தேவையே 1,010 கலோரிதான். நடுவில் பாட்டி பாசத்தோடு கொடுத்த பிஸ்கட் வேறு இருக்கிறது, கிளுகோஸ் பிஸ்கட்டில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை. பிறகு பசி எங்கிருந்து வரும்? இத்தனை பாலிலும் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது, தேவை 8. பால் அதிகமானால் பல குழந்தைகளுக்கு மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் இருக்கிற பசியும் போகும். ஆகவே ஒரு வயதுக்கு மேல் பால் நாளைக்கு 400 முதல் 500 மில்லி, அதுவும் டம்ளரில். பாட்டில் வேண்டாம். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, நேரம் மாறக் கூடாது. தட்டை இருபது, முப்பது நிமிடத்துக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும், திட்டில்லாமல். சாப்பிடவில்லை என்பதற்காக மாற்றாகப் பால் காய்ச்சக் கூடாது. முதல் சில நாள் அழுகை இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நின்றால்தான் இது நடக்கும்.

பாலில் கலக்கும் பவுடர் பற்றிக் கேட்க வருவீர்கள். நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, மால்ட், தானிய, பால் பானங்களை அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவிட்டது. பவுடர் டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று இருக்கும், அதைப் படித்தால் போதும்.

"எங்களை அடித்துத்தான் ஊட்டினார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம்." நன்றாக இருக்கிறோமா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 50.7. அடியும் அதட்டலும் இரும்பைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. காலையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்கும் வீடுகள் இன்னும் எத்தனை! டீ இரும்பைத் தடுக்கும், குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

காய்கறி விஷயத்திலும் இதே கதைதான். இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை புது உணவைக் கண்டு பின்வாங்குவது இயல்பு. ஒரு காயைப் பத்துப் பதினைந்து தரம் தட்டில் பார்த்த பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைக்கும். நாமோ மூன்றாவது தரத்தில் 'இவனுக்கு அவரைக்காய் பிடிக்காது' என்று முத்திரை குத்திவிடுகிறோம், அதுவும் அவன் காதுபட. ஒரு டீஸ்பூன் போதும். பிடித்த ஒன்றின் பக்கத்தில் வையுங்கள். பூசணி, கேரட், பீட்ரூட் போன்ற இனிப்புக் காய்களில் தொடங்குங்கள், பாகற்காய்க்கு அவசரமில்லை. கீரை தொண்டையில் நாராகச் சிக்கும், பொடியாக நறுக்கிப் பருப்போடு மசியுங்கள். வேர்க்கடலை, முந்திரியை நான்கைந்து வயதுவரை முழுசாகத் தராதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். பொடித்துத் தாருங்கள். 'காய் சாப்பிட்டால் சாக்லேட்' என்ற பேரம் மட்டும் வேண்டவே வேண்டாம், காய் தண்டனை என்றும் சாக்லேட் பரிசு என்றும் நாமே கற்றுக்கொடுப்பதாகிவிடும். அப்பா தட்டிலும் அதே காய் இருக்க வேண்டும். அப்பா ஓரமாக ஒதுக்கி வைத்தால் எந்த உபதேசமும் எடுபடாது.

குழந்தை போதுமான அளவு சாப்பிடுகிறதா என்பதை டப்பா சொல்லாது, எடையையும் உயரத்தையும் குறித்து வரும் வளர்ச்சி அட்டையின் கோடு சொல்லும். எடையும் உயரமும் தன் கோட்டை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தால் ஒல்லியாக இருந்தாலும் கவலை வேண்டாம். கோடு கீழே இறங்கினால், மண்ணோ சாக்பீஸோ தின்றால், கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால், கட்டியான எதை விழுங்கினாலும் குமட்டினால் டாக்டரிடம் போங்கள். அங்கன்வாடியில் தரும் இரும்புச் சிரப்பைப் பாலோடு கொடுக்காதீர்கள்.

இத்தனையிலும் எனக்கு ஆறாத இடம் ஒன்று. அந்த போட்டோவுக்குக் கீழே வந்த கமெண்ட் எல்லாமே அம்மாவைப் பார்த்துத்தான். விடியற்காலை எழுந்து சமைத்து, டப்பா கட்டி, வேலைக்கும் ஓடும் ஒருத்தியை ஊரே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறது. அப்பாவின் பெயர் அந்த குரூப்பிலாவது இருக்கிறதா? பள்ளியின் பொறுப்பு எங்கே போனது? பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. கேட்டுக்கு எதிரே சிப்ஸ் சரம் தொங்காத பள்ளி எத்தனை? பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுக்கச் சொல்வது யார்? அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை போகிறது, 2022-லிருந்து காலை உணவும் வந்திருக்கிறது. கட்டணம் வாங்கும் பள்ளிகள் தட்டுக்கு என்ன செய்திருக்கின்றன?

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அப்பாக்களும் போங்கள். சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம், அதில் கை கழுவும் வரிசைக்கே எவ்வளவு போகிறது, யுகேஜி பிள்ளைகளுக்கு மூடி திறந்து கொடுக்க ஆள் இருக்கிறதா, வாசல் கடை எத்தனை மீட்டரில் இருக்கிறது, எடை, உயரம் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிலை அதே குரூப்பில் எழுதச் சொல்லுங்கள்.