நன்கொடை வாங்கியவன் பயிற்சிக்கு மட்டம் போடக் கூடாது

வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் நோயாளிகளின் துணைக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு நன்கொடை திரட்ட, தை மாதம் வேலூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து ஊரே ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. "அந்தப் பணத்தை நேரா குடுத்துட்டுப் போயிடலாமே, எதுக்கு இந்த வேலை?" பாகாயத்து டீக்கடைக்காரர் இன்னும் சுருக்கமாகக் கேட்டார்: "இன்னா சார், பஸ்ல போனா ஆவாதா?"

ஆகும். பேஷாக ஆகும். நான் சைக்கிள் மிதிப்பதால் எந்த நோயாளிக்கும் காய்ச்சல் ஒரு டிகிரிகூடக் குறையப் போவதில்லை. ஆனால் "அண்ணே, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க தங்குறதுக்கு ஐந்நூறு ரூபா குடுங்க" என்று சும்மா கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்கிற அதே மனிதர், "அறுநூத்தைம்பது கிலோமீட்டர் மிதிக்கிறேண்ணே" என்றதும் ஆயிரத்தை எடுத்து நீட்டுகிறார். ஏன் என்று எனக்கும் முழுசாகப் புரியவில்லை. நேர்த்திக்கடன் பார்த்து வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, ஒருத்தன் உடம்பை வருத்திக்கொள்கிறான் என்றால் நம் ஆட்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகிறது.

அதனால்தான் சொல்கிறேன். அவர்கள் காசு கொடுப்பது அந்த வருத்தத்தை நம்பி. காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு, இரண்டாம் நாள் விழுப்புரம் தாண்டும் முன்பே முட்டி வலிக்கிறது என்று கூடவே வரும் சப்போர்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அது கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டுவதுதான். விபத்து, உடம்புக்கு முடியவில்லை என்றால் அது வேறு. சோம்பேறித்தனத்துக்கு மன்னிப்பு கிடையாது.

யாருக்காகப் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலூர்க்காரர்களுக்குப் பாபுராவ் தெருவையும் காந்தி ரோட்டையும் விளக்க வேண்டியதில்லை. லாட்ஜ் போர்டில் வங்காளி எழுத்து, மெஸ்ஸில் மீன்குழம்புச் சோறு, மருந்துக்கடைப் பையனே இந்தியும் பெங்காலியும் கலந்து பேசுவான். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு இன்று கொல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். நோயாளிக்கு உள்ளே ஒரு படுக்கை உண்டு. கூட வந்த அம்மாவோ தம்பியோ மாசக்கணக்கில் எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது? வைத்தியச் செலவுக்கு உதவ ஆயிரம் வழி இருக்கிறது. இந்த அறை வாடகைக்குத்தான் ஆளில்லை. எங்கள் ரைடு அதற்கு.

இனி கணக்கு. சில வருடங்களுக்கு முன் ஒரு நன்கொடை ரைடில் கலந்துகொண்டேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம். பளபளவென்று ஜெர்சி, மேடை, பேனர், மெடல், முடிவில் பஃபே. திரட்டியதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டேன். "அண்ணே, விழிப்புணர்வுதாண்ணே முக்கியம்" என்று பதில் வந்தது. எனக்கு அன்றைக்கே விழிப்புணர்வு வந்துவிட்டது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1994இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெரிய ரைடு ஒன்றை டான் பலோட்டா என்பவர் தொடங்கினார். கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. கூடவே நடத்தும் செலவு எகிறுகிறது என்ற சண்டையும் சேர்ந்தது. பிறகு தொண்டு நிறுவனங்களே தனியாக எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் என்ற பெயரில் எடுத்து நடத்தின. ஏழு நாள், 545 மைல். செலவு ஏறிக்கொண்டே போனதில் 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். அதே நாட்டில் 1980இல் தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் இன்றும் ஓடுகிறது. அங்கே ரைடர்கள் திரட்டும் பணம் முழுவதும் புற்றுநோய் மருத்துவமனைக்கே போகிறது. நடத்தும் செலவுக்குப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும். இந்த இரண்டாவது வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நம் ஆசைக்கு நம் காசு. அறை, சாப்பாடு, ட்யூப், சப்போர்ட் வண்டிக்கு டீசல், எல்லாம் அவரவர் பாக்கெட்டிலிருந்து.

(எய்ட்ஸ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது நம் வேலூர் ஆய்வகத்தில்தான். 1986இல் சென்னையில் டாக்டர் செல்லப்பன் நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் ரயிலேறி காட்பாடி வந்து, சிஎம்சியில் சோதிக்கப்பட்டன. இவ்வளவு பெரிய சேதி நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

சரி, பயிற்சிக்கு வருவோம்.

முதல் எதிரி வெயில். மே மாதம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிவரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் மிதிக்கிறேன் என்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். விடிகாலை நாலரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புங்கள். அதற்காக வெயிலே படாமல் பழகினாலும் ஆகாது. ரைடு நடுப்பகலிலும் இருக்கும். உடம்பு சூட்டுக்குப் பழக இரண்டு வாரம் பிடிக்கும் என்கிறார்கள். ஆகவே கடைசி மாதங்களில் கிளம்பும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டு, தினமும் ஒரு மணி நேரமாவது வெயிலில் நனைய வேண்டும்.

வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய்த் தலை சுற்றும். மருந்துக்கடையில் விற்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடி போதும். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் கலக்குகிற புத்திசாலிகள் எங்கள் குழுவிலும் உண்டு. அது வயிற்றைக் கலக்கும். சாப்பிடுவதற்கு வெளிநாட்டு ஜெல் பாக்கெட் எதற்கு? மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். பெரிய வாழைப்பழம் ஒன்று, அப்புறம் இரண்டு கடலைமிட்டாய். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது எதிரி காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள். அம்மியை நான் பார்த்ததில்லை, ராணிப்பேட்டையிலிருந்து திரும்பும்போது நான் நின்ற இடத்திலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. காலையில் ஆற்காடு பக்கம் போனால் பறப்பீர்கள். நாமே பெரிய வீரன் என்று தோன்றும். திரும்பும்போது ரத்தினகிரி முருகன் தூரத்தில் தெரிவார், தெரிந்துகொண்டே இருப்பார், பக்கத்தில் வரவே மாட்டார். எனவே புதியவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் பள்ளிகொண்டா பக்கம் எதிர்காற்றில் போய், களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கித் திரும்புங்கள். மூன்று மாதம் பழகியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காற்றுதான் காரணம். மழை ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று தெற்கே போகிறவன் முதுகைத் தள்ளும்.

தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இன்னொரு தொல்லை. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய கம்பித் துண்டுகள். முடி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பஞ்சர் ஆனதும் அவசரத்தில் புது ட்யூப் மாட்டிக் காற்றடித்துக் கிளம்புவார்கள், இரண்டு கிலோமீட்டரில் மறுபடி புஸ். டயரைக் கழற்றி உள்பக்கம் முழுக்க விரல்நுனியால் மெதுவாகத் தடவுங்கள். எங்கேயோ சுருக்கென்று குத்தும். வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. நகத்தால் வராது, சின்னக் குறடு வேண்டும். இதை வீட்டு மொட்டைமாடியில் பத்து தடவை செய்து பழகாதவர் ரைடுக்கு வர வேண்டாம் என்பது என் கட்சி. நடுரோட்டில் ஒருத்தருக்காகப் பத்துப் பேர் வெயிலில் நிற்பது தர்மம் இல்லை.

எவ்வளவு தூரம் பழக வேண்டும்? தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று கிளம்புபவர் இரண்டாம் வாரம் காணாமல் போவார். வாரத்துக்கு வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். வார நாட்களில் சின்ன ஓட்டம், ஞாயிறு நீள ஓட்டம். நீள ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எங்கள் குழுவில் அரசியல் பேசிக்கொண்டே ஓட்டுவது இந்த அளவுகோலுக்காகத்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆனால் உண்மையான பரீட்சை ஒரு நாள் தூரத்தில் இல்லை, மறுநாள் காலையில் இருக்கிறது. சனிக்கிழமை கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போய்த் தங்கி, ஞாயிறு காலை திரும்பப் பாருங்கள். போகும்போது எல்லாரும் ராஜா. ஞாயிறு காலை சீட்டில் உட்காரும் அந்த முதல் நொடி இருக்கிறதே, அப்போது வரும் முனகலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மெத்து மெத்தென்ற ஜெல் சீட் கவர் வாங்கினால் சரியாகும் என்று நினைக்கிறார்கள். நீளத் தூரத்தில் அது இன்னும் மோசம். உட்காரும் எலும்பு தாங்க வேண்டிய பாரத்தை மெத்தை மற்ற இடங்களுக்குப் பரப்பிவிடும். பேட் வைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்குங்கள். அதற்குள் ஜட்டி போடக் கூடாது. சிரிக்காதீர்கள், ஜட்டியின் தையல்தான் தோலை உரிக்கிறது. சீட் உயரத்துக்குக் கணக்கு எளிது: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். பாதி முட்டிவலி இதிலேயே போய்விடும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனால் உள்ளங்கை நரம்பு நசுங்குகிறது. கையை அடிக்கடி இடம் மாற்றிப் பிடியுங்கள்.

ஏலகிரி ஏற வேண்டுமா என்று கேட்கிறார்கள். கன்னியாகுமரிப் பாதையில் அப்படியொரு மலை கிடையாது. இருந்தாலும் ஒரு தடவை ஏறிவிடுங்கள், மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்க அது சொல்லித்தரும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரி வளைவில் மூச்சு முட்டும்போது, முல்லைக்குத் தேரைக் கொடுத்தவரை நினைத்து, அந்தப் பக்கம் வரும் யாருக்காவது சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் இறங்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. குரங்குகள்தான் நின்றன, அவை வாழைப்பழத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டன.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள். கை பரபரக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சைக்கிளைப் பற்றி எழுதினால் சண்டை வரும். வரட்டும். லட்ச ரூபாய்க் கார்பன் சைக்கிள் வாங்கிவிட்டு "நோயாளிகளுக்கு உதவுங்கள்" என்று கேட்பவரைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் காசு, உங்கள் இஷ்டம். ஆனால் புது வண்டியைப் போட்டோ எடுத்துப் போட்டு, அதே பதிவில் நன்கொடையும் கேட்காதீர்கள். கியர் உள்ள சாதாரண ஹைபிரிட், நல்ல டயர், ஒழுங்காக எண்ணெய் கண்ட செயின். அறுநூற்றைம்பதை ஆறு நாளில் பிரித்தால் நாளுக்கு நூற்றுப் பத்துகூட வராது. அதற்கு இது தாராளம்.

பணம் திரட்டுவதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு யாரையும் அனுப்பச் சொல்லாதீர்கள். நன்கொடையைச் செலவிடும் டிரஸ்டின் கணக்குக்கே நேராகப் போகட்டும். கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கிற 80ஜி ரசீது தரும் டிரஸ்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது என்பதைக் கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட மச்சான் பாசத்தோடு டாலர் அனுப்புகிறேன் என்பார். அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அதைத் தொடவே கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருக்கும் தம்பி தன் சம்பளத்திலிருந்து அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

இந்த ஞாயிறு கணியம்பாடி வழியாக அமிர்தி வரை போய்த் திரும்புகிறோம். வருபவர்கள் நாலேகாலுக்குள் கோட்டை வாசலில் இருங்கள். நாலரைக்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கும் ஹெல்மெட்டும் இல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ரைடுக்குப் பணம் தர நினைப்பவர்கள் மெசேஜ் பண்ணுங்கள், டிரஸ்ட் கணக்கு விவரம் அனுப்புகிறேன். திரும்பும் வழியில் பாகாயத்தில் டீ உண்டு. டீக்காசு அவரவர் கணக்கு.